கொள்வதும் கழிப்பதும்: ரசிகமணி டி. கே. சி.யின் வாழ்க்கை

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் இறங்கியதும் குற்றாலத்திற்குச் செல்வோர், அருவியில் நீராடி உண்ட பின் எஞ்சும் பொழுதைச் சீட்டாட்டத்தில் போக்குவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். வெளியே தூறல் விழ, தாழ்வாரத்தில் ஜமுக்காளம் விரித்து நால்வர் அமர்ந்திருப்பர். ஆட்டம் எதுவாயினும் அவர்களை வாய்மூடிச் சிந்திக்கச் செய்யும் கேள்வி ஒன்றே. கையில் எதை வைத்துக்கொள்வது? எதைக் கழிப்பது?

இக்கேள்வியையே உயிராகக் கொண்ட ஆங்கில ஆட்டம் ஒன்று உண்டு. கிரிபேஜ் என்பது அதன் பெயர். 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞராகிய சர் ஜான் சக்ளிங் அதனை அமைத்தார் என்பர். இருவர் ஆடும்போது ஆளுக்கு 6 சீட்டுகள் வரும். 4 சீட்டுகளை வைத்துக்கொண்டு 2 சீட்டுகளைக் கழித்தல் வேண்டும். அவ்வாறு கழிப்பதற்கு 15 வழிகள் உள. ராஜா பெரிய சீட்டாயிற்றே என்று அதனைப் பற்றிக்கொண்டிருப்பவர் இவ்வாட்டத்தில் ஏமாறுவர். துணையற்ற ராஜாவுக்குப் புள்ளி ஏதும் இல்லை. ஓர் ஐந்தோடு கூடிப் பதினைந்தானால் 2 புள்ளி கிடைக்கும். எளிய ஏழும் எட்டும் ஒன்பதும் ஒரே கையில் நின்றாலோ, வரிசைக்கு 3 புள்ளியும், ஏழும் எட்டும் பதினைந்தாவதற்கு 2 புள்ளியும் உண்டு. ஆகவே ஒரு சீட்டின் மதிப்பு மற்றச் சீட்டுகளோடு அது இசைவதைப் பொறுத்தது. மேலும், கழித்த சீட்டுகள் வீணாவதில்லை. இருவரும் கழித்த நான்கும் தனியொரு கையாகச் சேர்ந்து, சீட்டைப் பகிர்ந்தவர் கணக்கில் எண்ணப்படும்.

இதே தென்காசி, குற்றாலச் சீமையில், சீட்டுகளுக்குப் பதிலாகச் செய்யுள்களைக் கையிலேந்தி, கொள்ளத்தக்கது எது, கழிக்கத்தக்கது எது என்று வாழ்நாளெல்லாம் தேர்ந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிந்துகொள்வது நலமாகும்.

தென்காசியைச் சேர்ந்த தீத்தாரப்ப முதலியாரின் புதல்வராக அவர் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் பிறந்தார். இளமைக் கல்வி தென்காசியிலே நிகழ்ந்தது. காசி விசுவநாதர் கோயிலும், அதன் வாயிலில் ஓயாது வீசும் மலைக்காற்றும் அவர் இளம்பருவத்துத் தோழர்கள். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மிஷன் கலாசாலையொன்றில் ஆங்கிலக் கவிகளைச் சுவைத்த உள்ளமே தமிழ்க் கவிகளையும் அதே சுவையுணர்வோடு அணுகத் துணிந்தது என்பதை நாம் சிறிது பெருமையோடு நினைக்கலாம்.

அதன்பின் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் அத்தொழிலில் அவர் உள்ளம் பதியவில்லை. பொருளும் செல்வாக்கும் தரவல்ல தொழில் அது; அந்நாளில் படித்த குடும்பங்கள் அதனினும் உயர்ந்த சீட்டு வேறில்லையென்று எண்ணின. அதனை அவர் நெடுங்காலம் கையில் வைத்திருக்கவில்லை. 1927-இல் சென்னைச் சட்டசபையின் உறுப்பினரானார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையாளராகப் பணியாற்றினார். பதவிகள் வந்தன, சென்றன. கவிதை ஒன்றே இறுதிவரை அவர் கையை விட்டு நீங்காதிருந்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவரது இல்லத்தில் வட்டமான முற்றம் ஒன்று இருந்தது. 1920-களில் அன்பர்கள் அங்கே கூடிக் கவிதை பேசலாயினர். அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்தது. அங்கே பதவுரையும் இலக்கணக் குறிப்பும் முன்னே வருவதில்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அடியை அடியாகத் திருப்பித் திருப்பி இசையோடு சொல்லுவார். கேட்போர் செவியில் தாளமும், உள்ளத்தில் உணர்ச்சியும் ஊறிய பின்னரே பொருளுக்குச் செல்லுவார். ஒரு பாட்டிற்குள் ஒரு மணி நேரம் தங்குவது அங்கே புதுமையன்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களை நாடறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். பெரும்புலவர் என்ற பெயர் முகத்தில் எழுதியிருப்பதற்காக மட்டும் ஒரு செய்யுளை அவர் கைக்கொண்டதில்லை; எளிய சொல்லாயிற்றே என்று ஒன்றைக் கழித்ததுமில்லை.

இப்பழக்கமே அவரைக் கம்பரிடம் கொண்டு சென்றது. கம்பராமாயணம் 6 காண்டங்களும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. பல நூற்றாண்டுகளாக ஓலைக்கு ஓலை பெயர்த்து எழுதப்பட்டு வந்த அந்நூலில், ஏடெழுதியோர் பிழையும், பிற்காலப் புலவர் இடைச்செருகிய செய்யுளும் புகுந்தன என்பதை அறிஞர் யாவரும் ஒப்புவர். எவை அவ்வாறு புகுந்தவை என்பதிலேதான் பிணக்கு. டி. கே. சி. தம் செவியையும் இதயத்தையும் உரைகல்லாகக் கொண்டார். உணர்ச்சியும் தாளமும் உருவமும் ஒன்றாய் இசையாத பாடல் கம்பருடையதாகாது என்பது அவர் துணிபு. அவ்வுரைகல்லில் தேறாதவற்றை ஆயிரக்கணக்கில் கழித்தார். தேறியவற்றை விளக்கத்தோடு கல்கிப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். கம்பர் தரும் ராமாயணம் என்ற பெயரில் நூலாகவும் தந்தார். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் திருநாளுக்கும் அவர் பெருந்துணையாக நின்றார்.

இதனால் எழுந்த கண்டனம் சிறிதன்று. ஒருவர் சுவைக்கு ஒவ்வாதது கவிஞர் வாக்கே அன்று என்று சொல்ல அவருக்கு உரிமை யாது என்று புலவர்கள் வினவினர். பாடல்களைக் கழித்ததோடு நில்லாமல், ஏட்டுச் சான்றின்றிச் சொற்களை மாற்றியமைத்தார் என்பது அவர்மீது கூறப்பட்ட கடுமையான குற்றம். அதே நெல்லைச் சீமையில் பிறந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடத்தைத் துணியும் நெறியில் நின்றவர். எத்துணைப் பெரிய கவிஞரும் சில வேளைகளில் தாழ்ந்த பாடல் பாடக்கூடும். ஆதலால் தாழ்ந்தது என்பதொன்றே பிறர் பாடியது என்பதற்குச் சான்றாகாது. இவ்வளவில் கண்டனக்காரர் பக்கம் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம்.

கழித்தலின் அபாயத்தை உணர்த்தும் நூலொன்று டி. கே. சி. கையிலேயே இருந்தது. அதுவே முத்தொள்ளாயிரம். சேர சோழ பாண்டியரைப் பாடிய அப்பெருநூலில் இன்று நமக்குக் கிடைப்பவை நூற்றுக்குச் சற்றே மேற்பட்ட பாடல்கள். புறத்திரட்டு என்னும் தொகை நூலைத் தொகுத்த ஒருவர் தமக்குப் பிடித்தவற்றை எடுத்து வைத்தமையால் அவை பிழைத்தன. அவர் எடாதவை முழு நூலோடு மறைந்தன. அவற்றின் தரம் எத்தகையது என்பதை இனி எவரும் காண இயலாது. எஞ்சிய பாடல்களுக்கு டி. கே. சி. 1940-களில் விளக்கம் எழுதி, மறந்துகிடந்த அந்நூலைப் படித்தவர் நாவில் மீண்டும் உலவச் செய்தார். எடுத்து வைத்த ஒருவரால் கிடைத்த செல்வம் அது. எடாது விட்டமையால் நேர்ந்த இழப்பின் எச்சமும் அதுவே.

வாழ்வின் பிற்பகுதியை அவர் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் பிற அன்பர் பலரும் அவர் இல்லத்தை நாடி வந்தனர். வந்தவர்க்கு அருவிக் குளியலும், வயிறார உணவும், அதன்பின் கவிதையும் என்பது அவ்வீட்டின் ஒழுங்கு. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை, அது பாடிய மலையின் அடியிலேயே இருந்து சுவைக்கும் பேறு அன்பர்க்கு வாய்த்தது. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கவேண்டும் என்ற தமிழிசை இயக்கத்திற்கும் அவர் குரல் வலிமை சேர்த்தது. அருமைப் புதல்வர் தீத்தாரப்பன் இளவயதிலே மறைந்தது அவர் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரம். தாமே கழிக்கக் கூடியவற்றை முகமலர்ச்சியோடு கழித்தவர், தம் கையினின்று பறிக்கப்பட்ட இதனையும் தாங்கவேண்டியதாயிற்று. அதன் பின்னும் அன்பர்களுக்குக் கடிதம் எழுதுவதையும் கவிதை சொல்லுவதையும் அவர் விடவில்லை. 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் கழித்த பாடல்கள் என்னவாயின? அவை அழிந்தொழியவில்லை. வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரைப் பதிப்பிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பிலும் கம்பராமாயணப் பாடல்கள் விரிவாக அச்சேறியுள்ளன. கிரிபேஜ் ஆட்டத்தில் கழித்த சீட்டு மற்றொரு கையாகி எண்ணப்படுவது போல, ஒருவர் கழித்ததை மற்றொருவர் எடுத்து எண்ணிப் பார்க்க இடம் இருக்கிறது. புறத்திரட்டுத் தொகுத்தவர் காலத்தில் அவ்விடம் இல்லாமற் போயிற்று. அச்சு நமக்கு அதனைத் தந்தது. ஆதலால் டி. கே. சி. கழித்ததைக் குறித்து நாம் அஞ்சவேண்டுவதில்லை. அவர் கொண்டதைக் குறித்து நன்றி பாராட்டவே கடமைப்பட்டுள்ளோம். பதினாயிரம் பாடல்களைக் கண்டு மலைத்து விலகிய பல்லாயிரவர், அவர் தேர்ந்தெடுத்தவற்றைக் கேட்டே கம்பரிடம் வந்தனர்.

நம் மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. அடுத்த சாரல் காலத்தில் குற்றாலம் செல்வீராயின், ஒரு கையில் டி. கே. சி.யின் தேர்வையும் மற்றொரு கையில் முழுநூற் பதிப்பையும் கொண்டு செல்லுங்கள். அவர் கொண்ட பாடலை அவரைப் போலவே வாய்விட்டு மும்முறை சொல்லுங்கள். அவர் கழித்த ஒன்றையும் அவ்வாறே சொல்லிப் பாருங்கள். அவரோடு நீங்கள் உடன்படலாம், மாறுபடவும் செய்யலாம். எதுவாயினும் முடிவு உங்கள் செவியும் அறிவும் உழைத்துக் கண்ட முடிவாயிருக்கட்டும். அத்தகைய வாசகரை ஆக்குவதற்காகவே அவர் வட்டத்தொட்டியில் அத்தனை மாலைப் பொழுதுகளைச் செலவிட்டார்.