வாயில்லா உயிர்களுக்கு வாசல் திறந்தவர்

நம் விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் ஒரு நாய் உண்டு. அதற்குப் பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. எல்லோரும் மணி என்றே அழைக்கிறோம். கல்லூரி நடக்கும் நாள்களில் மணிக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கோடை விடுமுறை முடிந்து நாம் திரும்பும்போதோ அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சென்ற ஆண்டு அந்தக் கோலத்தில் அதைப் பார்த்த சில நாள்களுக்குள் மேரி டீல்பி அம்மையாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அறிஞர்களையும் தலைவர்களையும் பற்றி நம் மலரில் ஆண்டுதோறும் எழுதுகிறோம். நாய்களுக்காக ஊராரின் நகைப்பைச் சுமந்த ஒரு பெண்மணிக்கும் அதில் ஒரு மூலை உண்டு என்று நம்பி இதனை எழுதுகிறேன்.

மேரி 1801ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பிறந்தார். ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த இராபர்ட் டீல்பி என்ற மர வணிகரை மணந்தார். அந்த இல்லறம் நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து, இலண்டனின் வடபகுதியான ஹாலோவேயில், பாதிரியாராக இருந்த தம்முடைய சகோதரர் எட்வர்டு பேட்ஸுடன் வாழலானார். கணவரைப் பிரிந்த பெண்ணுக்கு அக்காலச் சமுதாயம் என்ன மதிப்பளித்தது என்பதை வரலாற்று மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையில் பெருஞ்செல்வமும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது வரை உலகம் அவரை அறியாது.

அன்றைய இலண்டனைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள்; நிலக்கரிப் புகை; நெருக்கியடித்து ஓடும் குதிரை வண்டிகள். நாய் வைத்திருப்போர் ஆண்டுக்கு 12 ஷில்லிங் வரி கட்ட வேண்டும். நாய் திருடுவது ஒரு பெருந்தொழிலாகவே நடந்தது. சீமான் வீட்டு நாயைக் கவர்ந்து சென்று, பணம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்கள். எலிசபெத் பாரெட் என்னும் கவிஞர் செல்லமாக வளர்த்த ஃபிளஷ் என்ற நாய் மும்முறை திருடப்பட்டு, மும்முறையும் பணம் கொடுத்தே மீட்கப்பட்டதை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். கேட்க ஆளில்லாத நாய்களின் கதி வேறு. வழி தவறியவையும், கைவிடப்பட்டவையும், தெருவிலேயே பிறந்தவையும் பசியால் மெலிந்து சந்துகளில் கிடந்து செத்தன. வெறிநோய் அச்சம் வேறு மக்களை ஆட்டிப் படைத்தது. ஆதலின் மெலிந்த நாய் எதிரே வந்தால் தடியெடுப்பதே வழக்கமாயிற்று.

1860ஆம் ஆண்டில் ஒரு நாள். மேரியின் தோழியான சாரா மேஜர் என்பவர், பட்டினியால் சாகும் தறுவாயிலிருந்த ஒரு நாயைத் தெருவில் கண்டு, தம் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டு வந்தார். மேரியும் உடனிருந்து அதற்குப் பணிவிடை செய்தார். நாய் பிழைக்கவில்லை. பெரும்பாலோர்க்கு இத்துடன் கதை முடிந்திருக்கும். இரண்டு நாள் வருந்திவிட்டு மறந்திருப்பார்கள். மேரி அம்மையாரோ தெருவில் கண்ட நாய்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வரத் தொடங்கினார். வீட்டில் எத்தனை நாய்களை வைத்துக்கொள்ள முடியும்? இடம் போதவில்லை. ஹாலோவேயிலேயே சில குதிரை லாயங்களை வாடகைக்குப் பிடித்தார். 1860 அக்டோபர் 2ஆம் நாள், வழி தவறிய, பசித்த நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்னும் பெயரில் அது தொடங்கப்பெற்றது. விலங்குவதைத் தடுப்பு அரச கழகம் துணை நின்றது. நவம்பர் 27ஆம் நாள் நிருவாகக் குழுவின் முதற்கூட்டம் அக்கழகத்தின் அலுவலகத்திலேயே நடந்தது.

ஊர் சிரித்தது. புகழ்பெற்ற டைம்ஸ் நாளேடு அந்த அக்டோபரிலேயே இம்முயற்சியை எள்ளி நகையாடியது. கருணை வரம்பு மீறினால் கேலிக்கூத்தாகிவிடும் என்பது அதன் வாதம். குழந்தைகள் தெருவில் பசித்துக் கிடக்கும் நகரத்தில் நாய்க்கு வீடா என்று பலரும் கேட்டனர்.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இக்கட்டுரையைப் பற்றிப் பேசியபோது என் அறை நண்பரும் இதையேதான் கேட்டார். இலண்டனில் அநாதைக் குழந்தைகள் இருந்தது உண்மை. அவர்கள் பசித்ததும் உண்மை. ஆனால் நாய்க்கு ஊற்றிய கஞ்சி அக்குழந்தைகளின் கலயத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று. விரும்பியவர்கள் கொடுத்த நன்கொடையில் நடந்தது இல்லம். நாய் உடன் வராத சுவர்க்கம் எனக்கு வேண்டா என்று நின்ற தருமனைப் போற்றிக் கதை கேட்கும் நாம், அந்த அம்மையாரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா?

இல்லத்தின் விதிகளில் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கொண்டுவரப்பட்ட நாயை 14 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் உடையவர் வந்தால் கொடுத்துவிடுவார்கள். வராவிட்டால், செலவை ஈடுகட்ட விற்கலாம்; அல்லது வேறுவகையில் அகற்றலாம். அகற்றுதல் என்பதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டுமா? தேறாத நோயுடையவற்றுக்கும், யாரும் கேட்டு வராத பலவற்றுக்கும் அங்கேயே முடிவு நேர்ந்தது. பதினான்கே நாள்! நம் கோடை விடுமுறை அதைவிட நீளம். இதைக் குறைகூறுவது எளிது. ஆனால் லாயம் சிறியது, நாய்களோ நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. தற்காலிகம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்ததும் அதனால்தான். நிலையான இடம் வேறொருவர் வீட்டில்தான் என்பதை அம்மையார் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்க வேண்டும். புதிய வீடு தேடித் தருவதே இன்றும் இத்தகைய இல்லங்கள் எல்லாவற்றுக்கும் முதன்மையான வேலையாக இருக்கிறது.

1862ஆம் ஆண்டில் காற்று சற்றுத் திசை மாறியது. சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்து நடத்திய வார இதழில் இரண்டு நாய்க் காட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர் டிக்கன்ஸ்தாம் என்பாரும், அவருடைய இதழில் எழுதிய வேறொருவர் என்பாரும் உளர். இஸ்லிங்டனில் பரிசுக்காக நிறுத்தப்பட்ட உயர்சாதி நாய்கள் ஒரு காட்சி. அங்கிருந்து சிறிது தொலைவில் ஹாலோவே லாயத்து நாய்கள் மற்றொரு காட்சி. யாரேனும் உள்ளே வந்தால் போதும், லாயத்து நாய்களெல்லாம் ஓடிவந்து கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு, வந்தவர் தம் எசமானர்தானா என்று முகம் பார்க்குமாம். கேலிக்குக் குறைவில்லாத நடைதான். ஆயினும் கட்டுரை இல்லத்தின் பக்கமே சாய்கிறது. அதைப் படித்தபின் இலண்டன் மாந்தர் பலர் முன்போல் வாய்விட்டுச் சிரித்திருக்க மாட்டார்கள்.

புகழ் வரத் தொடங்கிய காலத்தில் உடல் தளர்ந்தது. புற்றுநோய் கண்டது. பிக்கிள்ஸ்வேடு என்னும் சிற்றூரில் 1865 அக்டோபர் 3ஆம் நாள் மேரி அம்மையார் மறைந்தார். இல்லம் தொடங்கி ஐந்தாண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அவ்வூர் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

பிறகு நடந்தவை அவர் காணாதவை. 1867ஆம் ஆண்டுச் சட்டம் தெருநாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைக் காவலர்க்குத் தந்தது. பிடித்த நாய்களை வைக்க இடம் வேண்டியிருந்ததால், நகைத்த நகரமே இல்லத்தை நாட நேர்ந்தது. ஹாலோவேயில் அண்டை வீட்டார் குரைப்பொலி தாங்காமல் முறையிட்டனர். (அவர்களையும் குறை சொல்வதற்கில்லை, தேர்வுக் காலத்து இரவுகளில் மணி செய்யும் தொல்லையை நாம் அறிவோம்.) 1871இல் இல்லம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள பேட்டர்சீக்கு, இருப்புப் பாதைகளுக்கு நடுவேயுள்ள நிலத்துக்கு மாறியது. 1883 முதல் பூனைகளும் சேர்க்கப்பட்டன. 1885இல் விக்டோரியா மகாராணியாரே அதன் புரவலரானார். அந்த இல்லம் இன்றும் பேட்டர்சீயிலேயே நடக்கிறது. அன்று முதல் அதன் வாசலுக்குள் வந்த நாய்களும் பூனைகளும் 30 இலட்சத்துக்கு மேல்.