3 மணி நேரமே துடித்த இதயம்: இந்தியாவின் முதல் இதய மாற்று ஆபரேஷன் செய்த டாக்டர் பி.கே. சென் யார்?

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலம் மாதிரி ஒரு கிராமத்தில் இன்னைக்கு யாருக்காவது இதயம் பலவீனமாகிவிட்டால், சென்னைக்குப் போனால் மாற்று இதயம் வரை வழி இருக்கிறது. 1968-ல் அந்த வழியே கிடையாது. அதைப் போட முயன்று, இரண்டு முறை தோற்றவர்தான் டாக்டர் பிரபுல்ல குமார் சென்.

யார் இவர்?

1915 டிசம்பர் 7-ல் கல்கத்தாவில் பிறந்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில். ஏழை ஜனங்கள் வரிசையில் நிற்கும் மாநகராட்சி ஆஸ்பத்திரி அது.

அங்கே அவர் அதிகம் பார்த்தது வாத இதயநோய். சின்ன வயதில் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சுருக்கிவிடும். 1950-களில் இப்படிச் சுருங்கிய வால்வை விரித்துவிடும் ஆபரேஷன்களை இந்தியாவில் செய்த முன்னோடிகளில் சென் ஒருவர்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்ட், உலகின் முதல் மனித இதய மாற்று ஆபரேஷனைச் செய்தார். சென் குழு அதற்கு முன்பிருந்தே நாய்களிடம் சோதனை செய்து பழகியிருந்தது. 1968 பிப்ரவரி 16-ல் இதயத் தசை நோயால் தவித்த ஒரு விவசாயிக்கு மாற்று இதயம் பொருத்தினார் சென். உலக அளவில் அது 6-வது ஆபரேஷன். அதைச் செய்த 4-வது டாக்டர் அவர்.

புது இதயம் துடித்தது. ஆனால் சுமார் 3 மணி நேரத்தில் நோயாளி இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது முயற்சி. அந்த நோயாளி 14 மணி நேரம் இருந்தார். அதோடு சென் இதய மாற்று ஆபரேஷனை நிறுத்திக்கொண்டார்.

ஏன் பிழைக்கவில்லை?

முதல் நோயாளியின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் எதிர்ப்பு அதிகம். இதயம் ரொம்ப நாள் பலவீனமாக இருந்தால் இப்படி ஆகும். நல்ல உடம்பிலிருந்து வந்த புது இதயத்தின் வலது பக்கத்துக்கு அந்த அழுத்தம் பழக்கமில்லை. தள்ள முடியாமல் தளர்ந்துவிடும். இன்னைக்கு மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யும் முன்பே டாக்டர்கள் குழாய் செலுத்தி இந்த அழுத்தத்தை அளக்கிறார்கள். கட்டுக்கடங்காமல் இருந்தால் இதயம் மட்டும் மாற்றுவதில்லை.

தோல்வி சென்னுக்கு மட்டுமா? இல்லை. பர்னார்டின் முதல் நோயாளி வாழ்ந்தது 18 நாள்தான். ஒட்டிய உறுப்பை உடம்பே எதிர்ப்பதைச் சமாளிக்க அப்போது நல்ல மருந்து இல்லை. உலகம் முழுக்க பல மருத்துவமனைகள் பின்வாங்கின. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது: மூளைச்சாவை மரணமாக ஏற்கும் சட்டமே அப்போது இல்லை.

பிறகு என்ன ஆனது?

1969-ல் சென்னுக்கு பத்மபூஷண் விருது கிடைத்தது. 1982 ஜூலை 22-ல் அவர் காலமானார். உறுப்பு நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 1994-ல் இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்த ஆபரேஷன் வெற்றி பெற்றது. சென்னின் முயற்சிக்கும் இதற்கும் இடையே 26 வருஷம்.

தமிழ்நாட்டில் திருப்புமுனை 2008. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் என்ற சொல் கிராமத்துத் திண்ணை வரை வந்தது அதற்குப் பிறகுதான்.

சென்னிடம் கைத்திறமை இருந்தது. மருந்தும் சட்டமும்தான் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தன.