இரு நாள்களும் ஒரு வாழ்வும்

ஓர் ஆண்டுக்கு 365 நாள்களே உள்ளன. உலகில் தோன்றி மறைந்த மக்களோ எண்ணிலடங்காதவர். ஆதலின், ஒரே நாளில் பலர் பிறத்தலும், ஒருவர் பிறந்த நாளில் மற்றொருவர் மறைதலும் இயல்பேயாகும். ஆயினும், சில நாள்களின் ஒற்றுமை நம் உள்ளத்தை ஈர்த்து, அந்நாளுக்குரியாரின் வாழ்வை எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றது. அத்தகைய இரண்டு நாள்கள் அக்டோபர் 4, சூலை 23 என்பன. முன்னது தியாகி சுப்பிரமணிய சிவா பிறந்த நாள். பின்னது அவர் மறைந்த நாள்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே, இருமருங்கும் மலைகள் சூழ அமைந்தது தொப்பூர்க் கணவாய். அக்கணவாயைக் கடந்து வடக்கே செல்வோர் தருமபுரியை அடைவர். அதற்கு அப்பால் உள்ளது பாப்பாரப்பட்டி என்னும் சிற்றூர். சிவா தம் இறுதி நாள்களைக் கழித்த இடம் அவ்வூரேயாகும்.

அவர் 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். தந்தையார் பெயர் இராசம் ஐயர். சுப்பராமன் என்பது சிவாவின் இயற்பெயர். வறுமை அவரை இளமையிலேயே வாட்டியது; ஆனால், அவருடைய நாட்டுப்பற்றை அது தளர்த்தவில்லை. திருவனந்தபுரத்தில் இருந்தபோது இளைஞர்களைத் திரட்டி விடுதலை உணர்வை ஊட்டினார். திருவாங்கூர் அரசு அவரை அந்நாட்டைவிட்டு வெளியேற்றியது. ஊர் ஊராக நடந்து அவர் தூத்துக்குடியை அடைந்தார்.

அங்கே வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்தி வந்தார். கப்பலோட்டிய செம்மலும் சொல்லேருழவரான சிவாவும் உற்ற நண்பராயினர். 1908ஆம் ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, இருவரும் அவர்களுக்குத் துணைநின்றனர். கூலியும் உயர்ந்தது; வார ஓய்வும் கிடைத்தது. எளியவர் தலைநிமிர்ந்ததைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர்.

சூலை 7ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அரசுக்கு எதிராகப் பேசினார் எனச் சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்குத் துணைநின்றமையும் சிதம்பரனாரின் குற்றங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. மேல் முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. அதே சூலைத் திங்களில், பாலகங்காதர திலகருக்கும் ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, அவர் பர்மாவிலுள்ள மாந்தளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். திலகர் நெறியைப் பின்பற்றியவர் சிவா. தலைவரும் தொண்டரும் வெவ்வேறு சிறைகளில் ஒரே காலத்தில் வாடினர்.

சிறையில் கொடிய வேலைகள் சிவாவின் உடலை உருக்கின. அங்கேயே தொழுநோய் அவரைப் பற்றியது. 1912ஆம் ஆண்டு விடுதலையானபோது, அவர் உடல் நலிந்திருந்தது, ஊக்கம் நலியவில்லை. சென்னையில் தங்கி ‘ஞானபாநு’ என்னும் இதழை நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். சிவா நூல்கள் பல இயற்றினார், மேடைதோறும் முழங்கினார், மீண்டும் சிறை புகுந்தார்.

நோய் முற்ற முற்ற, அவருக்கு மற்றொரு துன்பமும் நேர்ந்தது. தொழுநோயாளர் இரயிலில் செல்லுதல் அக்காலத்தில் தடுக்கப்பட்டிருந்தது. அந்நோயை அஞ்சி ஒதுக்கிய காலம் அது. கிருமியால் வரும் அந்நோயை மருந்தால் முற்றும் குணப்படுத்தலாம் என்பது இன்று யாவரும் அறிந்த உண்மை. அன்று அத்தகைய மருந்து இல்லை. புண்கள் நிறைந்த உடலோடு சிவா கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர்தோறும் சென்றார். புண்ணை ஆடையால் மூடிக்கொண்டு அவர் மேடையேறிப் பேசினார். இரயில் வண்டி அவருக்கு மறுத்த வழியை அவருடைய கால்கள் அவருக்கு அளித்தன.

பாப்பாரப்பட்டியில் அவர் ஓர் ஆசிரமம் அமைத்து, அவ்விடத்திற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டார். சாதி சமய வேறுபாடின்றி மக்கள் அனைவரும் வழிபடத்தக்க பாரதமாதா கோயில் ஒன்றை அங்கே எழுப்புதல் அவருடைய பெருங்கனவு. 1923ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன் சிவாவின் உடல் ஓய்ந்தது. மதுரையில் நோய் மிகுந்திருந்த நிலையிலும் அவர் பாப்பாரப்பட்டிக்கே திரும்பினார். 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே. பிற்காலத்தில் அவ்வூரில் அவருக்கு மணிமண்டபமும், பாரதமாதாவுக்கு நினைவாலயமும் எழுந்தன.

இனி, அவ்விரு நாள்களின் ஒற்றுமையைக் காண்போம். சூலை 23 திலகர் பிறந்த நாள். அவர் பிறந்த ஆண்டு 1856. தலைவர் பிறந்த நாளிலேயே தொண்டர் மறைந்தார். வடநாட்டு வீரர் சந்திரசேகர ஆசாத்து 1906ஆம் ஆண்டு பிறந்ததும் அந்நாளிலேதான். அக்டோபர் 4, கொடி காத்த திருப்பூர்க் குமரன் 1904ஆம் ஆண்டு பிறந்த நாள். சிவா பிறந்து சரியாக இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் பிறந்தார். அந்நாளை உலக விலங்குகள் நாளாகப் பல நாட்டார் கொண்டாடுகின்றனர். 1957ஆம் ஆண்டு அதே நாளில்தான் சோவியத்து நாடு முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது.

இவ்வொற்றுமைகள் தற்செயலாய் அமைந்தவை. கோளும் மீனும் இவற்றை வகுக்கவில்லை. குமரன் பிறந்த நாளிலே பிறந்தமையால் சிவா பெருமை பெறவில்லை. திலகர் பிறந்த நாளிலே மறைந்தமையாலும் அவர் புகழ் வளரவில்லை. எத்தனையோ பேர் அந்நாள்களில் பிறந்தனர், மறைந்தனர். அவர்களுள் பெரும்பாலார் பெயரை உலகம் அறியாது. நோயுற்ற உடலோடு நாட்டுக்காக நடந்த அடிகளே சிவாவை நினைக்கச் செய்கின்றன. நாள் மனிதனை உயர்த்துவதில்லை. மனிதனே தன் செயலால் நாளை உயர்த்துகின்றான். பிறந்த நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. வாழும் நாள்களைப் பயனுடையனவாக ஆக்கும் உரிமையோ ஒவ்வொருவருக்கும் உண்டு.