சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 – 1995)

நட்சத்திரத்தைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. அதன் திணிவைக் கணிதத்தின் துணைகொண்டே அறியலாம். அத்தகைய கணிப்புகளால் உலகப் புகழ் பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1910 ஒக்டோபர் 19ஆம் திகதி லாகூரில் பிறந்தார். தந்தையார் புகையிரதக் கணக்குப் பிரிவில் உயர் அதிகாரி. 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சீ.வீ. இராமன் இவரது சிறிய தந்தையாவார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்ற சந்திரசேகருக்கு, இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. அப்போது தாயார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். எனினும் மகனின் பயணத்தை அவர் தடுக்கவில்லை. 1931இல் தாயார் மறைந்தபோது மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார்.

கப்பலில் செய்த கணிப்பு

1930 யூலை 31ஆம் திகதி பம்பாயில் கப்பலேறியபோது இவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் யாவும் சுருங்கி வெண்குள்ளன்களாக நிலைபெறும் என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. சந்திரசேகர் இதனைச் சார்புக் கொள்கையோடு சேர்த்துக் கணித்தார். வெண்குள்ளனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டெனத் தெரிந்தது. பின்னர் திருத்தமாகக் கணிக்கப்பட்ட அவ்வெல்லை சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். இது சந்திரசேகர் எல்லை எனப்படும். இதனை விஞ்சினால் வெண்குள்ளன் தன் ஈர்ப்பைத் தாங்கமாட்டாது. மேலும் சுருங்கியே தீரும்.

சபையில் நேர்ந்த அவமானம்

1935 ஜனவரி 11ஆம் திகதி, இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இம்முடிவை விளக்கினார். அடுத்து எழுந்தவர் அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளர் ஆதர் எடிங்டன். சந்திரசேகரின் கணிப்புகளைப் பல தடவை அவருடன் இருந்து பார்த்தவர். அவரே அம்முடிவை ஏளனம் செய்தார், சபை சிரித்தது. கணிப்பு சரியென அறிந்த பௌதிகவியலாளர் சிலரும் பகிரங்கமாகப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டையிடவில்லை, தன் கணிப்பைக் கைவிடவுமில்லை. 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணைந்தார். 1939இல் தம் முடிவுகளை நூலாக்கிவிட்டு வேறு துறைகளுக்குச் சென்றார். 1944இல் எடிங்டன் இறந்தபோது அவரைப் போற்றிப் பேசினார்.

கருந்துளைகளின் திணிவு

1943இல் இவர் வெளியிட்ட ஆய்வொன்று, நட்சத்திரக் கூட்டத்தினூடே செல்லும் பாரமான பொருளின் வேகம் அவற்றின் ஈர்ப்பால் குறைவதை விளக்கியது. இரு நட்சத்திரத் தொகுதிகள் இணையும்போது அவற்றின் பெருங்கருந்துளைகள் எவ்வாறு மையத்தை அடைகின்றன என்பதை அறிய இது இன்றும் பயன்படுகிறது.

கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதன் திணிவை எவ்வாறு அளப்பது? நூலில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக்கூட நூலைப் பலமாக இழுக்க வேண்டும். அவ்வாறே, மையத்தைச் சுற்றும் நட்சத்திரத்தின் தூரமும் வேகமும் தெரிந்தால் மையத்தின் திணிவைக் கணிக்கலாம். நமது பால்வீதியின் மையம் தனுசு இராசித் திசையில் உள்ளது. யூலை, ஓகஸ்ட் இரவுகளில் கல்முனைக் கடற்கரையிலிருந்தும் தென்வானில் அத்திசையைக் காணலாம். அங்குள்ள கருந்துளையின் திணிவு சூரியனைப் போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்காகும். 2019இல் படம் வெளியிடப்பட்ட எம் 87 தொகுதியின் கருந்துளையோ 650 கோடி மடங்கு திணிவுடையது.

பெற்ற சிறப்புகள்

1983இல் கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய இவரது நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே நோபல் பரிசை வில்லியம் பவுலருடன் பகிர்ந்துகொண்டார். அவமானத்துக்கும் பரிசுக்கும் இடையே 48 ஆண்டுகள். 1995 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோவில் காலமானார். 1999இல் விண்ணுக்கு ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சந்திரா என இவரது பெயரைத் தாங்குகிறது.

மாணவர்களே, உங்கள் விடையைக் கேட்டுச் சபை சிரிக்கலாம். அப்போது படிமுறைகளை மீண்டும் சரிபாருங்கள். பிழை இல்லையெனில் விடையை அழிக்காதீர்கள்.

பயிற்சி வினாக்கள்
1. சந்திரசேகர் எல்லை என்றால் என்ன?
2. 1935இல் நேர்ந்த எதிர்ப்பைச் சந்திரசேகர் எவ்வாறு எதிர்கொண்டார்?
3. கருந்துளையின் திணிவு அளக்கப்படும் முறையை உதாரணத்துடன் விளக்குக.