குறி ஏன் தப்புது? ஜோசஃப் விட்வொர்த் கதை

கினமேட்டிக்ஸ் பேப்பரில் விட்வொர்த் குவிக் ரிட்டர்ன் மெக்கானிசம் படம் போட்டு மார்க் வாங்காத மெக் மக்கள் யாரும் இருக்க முடியாது. ஆனா அந்தப் பேருக்குப் பின்னால ஒரு ஆள் இருந்தார்னு கேட்டா பலர் முழிப்பாங்க. இருந்தார். அவர் வாழ்க்கையில் ரொம்ப சுவாரஸ்யமான பகுதி சிலபஸிலேயே கிடையாது. ஒரு ரைஃபிள் ஏன் குறி தப்புதுன்னு கண்டுபிடிக்க அவர் பட்ட பாடுதான் அது.

ஜோசஃப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், பிறகு பாதிரியார் ஆனவர். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். பையனை மாமா நடத்திய பஞ்சாலையில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு நீதான் இதைப் பார்த்துக்கணும் என்பது திட்டம். இவருக்கோ நூலில் ஆர்வமே இல்லை. நூல் நூற்கும் மெஷினில்தான் கண். அதே நேரம் அந்த மெஷின்கள் எவ்வளவு மோசமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதும் கண்ணில் பட்டது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மான்செஸ்டருக்கு ஓடிப்போய் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1825-இல் லண்டன் போய் ஹென்றி மாட்ஸ்லேயிடம் சேர்ந்தார். அந்தக் காலத்து மெஷின் டூல் ஆட்களுக்கு மாட்ஸ்லே பட்டறைதான் ஐஐடி. பிறகு ஜோசஃப் கிளமென்ட் பட்டறையிலும் வேலை செய்தார். சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்குப் பாகங்கள் உருவான இடம் அது.

மெட்ராலஜி லேபில் சர்ஃபேஸ் பிளேட் பார்த்திருப்பீங்க. அந்தத் தட்டு தட்டையா இருக்குன்னு முதன்முதலில் எப்படித் தெரிஞ்சுகிட்டாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டையான தட்டு வேணும். அதைச் சரிபார்க்க இன்னொண்ணு. இரண்டு தட்டை மட்டும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் போகலாம், ஆனாலும் இரண்டும் கச்சிதமாப் பொருந்தும். மூன்று தட்டு எடுத்து, சாயம் பூசி, மாற்றி மாற்றிப் பொருத்தி, மேடு தெரியும் இடத்தை மட்டும் கையால் சுரண்டிக்கொண்டே வந்தால் மூன்றும் தட்டையாகாமல் வேறு வழியே இல்லை. இந்த யோசனை மாட்ஸ்லே பட்டறையிலேயே இருந்ததுன்னு சொல்பவர்கள் உண்டு. தேய்ப்பதை விட்டுவிட்டு சுரண்டுவதுதான் சரி என்று நிறுவி, 1840-இல் கிளாஸ்கோவில் கட்டுரை வாசித்து ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் விட்வொர்த்.

1833-இல் மான்செஸ்டர் திரும்பி சொந்தப் பட்டறை வைத்திருந்தார். அங்கிருந்துதான் 1841-இல் மரை விவகாரத்தைக் கையில் எடுத்தார். அப்ப ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு இடத்து போல்ட் இன்னொரு இடத்து நட்டில் ஏறாது. இவர் பல பட்டறைகளிலிருந்து திருகுகளை வாங்கிச் சேர்த்து, அளந்து, சராசரி பார்த்து 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். இது ஏதோ பழைய கதைன்னு நினைக்காதீங்க. ஹாஸ்டல் பாத்ரூமில் டெஃப்லான் டேப் சுத்தி பிளம்பர் முறுக்குற அரை இன்ச் குழாயில் இருப்பதும் அதே 55 டிகிரி மரைக் குடும்பம்தான். அடுத்து, ஒரு அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டும் அளவுக் கருவி ஒன்றையும் செய்தார். அதில் வைத்த கம்பியை விரலால் தொட்டாலே போதும், உடல் சூட்டில் அது நீள்வது கருவியில் தெரிந்துவிடும்.

இப்ப துப்பாக்கிக்கு வருவோம்.

1854. கிரீமியப் போர் நேரம். பிரிட்டிஷ் ராணுவத்தின் புது ஆயுதம் 1853 மாடல் என்ஃபீல்ட் ரைஃபிள். நம்ம ஊர் வரலாற்றுப் பாடத்தில் வரும் கொழுப்புத் தடவிய தோட்டா, அதனால் வெடித்த 1857 கலகம், எல்லாம் இதே என்ஃபீல்ட்தான். இதை மொத்தமாகத் தயாரிக்க மெஷின் வடிவமைச்சுக் கொடுங்கன்னு அரசாங்கம் விட்வொர்த்திடம் கேட்டது. அவர் பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்களைப் போய்ப் பார்த்தார். ஒரு துப்பாக்கி நல்லாச் சுடுது, அதே மாதிரி செய்த இன்னொன்று சொதப்புது. ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில். எது சரியான அளவுன்னே தெரியாத பொருளுக்கு மெஷின் செய்து என்ன பயன்? முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன், மெஷின் அப்புறம் பார்க்கலாம் என்பது இவர் நிலைப்பாடு.

பிரச்சினை எவ்வளவு சிக்கல்னு பாருங்க. அன்றைய ரைஃபிளை வாய் வழியாகத்தான் நிரப்பணும். ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கணும். குண்டு தள்ளிப் போனால் யார் குற்றவாளி? மருந்தின் எடையா, குண்டின் வடிவமா, குழலின் துளையா, உள்ளே படிந்த கரியா, காற்றா, சுட்டவர் கையா? இன்றைக்கும் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் போட்டிச் சுடுநர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே பட்டியலை வைத்துத்தான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்ததுன்னு கடைசி வரை தெரியாது.

விட்வொர்த் முதலில் காற்றை வெளியே தள்ளினார். மான்செஸ்டரில் ரஷோம் பகுதியில், தன் வீட்டு நிலத்திலேயே 500 கஜ நீளம், 16 அடி அகலம், 20 அடி உயரத்தில் மூடிய சுடுகூடம் ஒன்று எழுந்தது. கட்டி முடித்த சூட்டோடு புயல் வந்து அதைச் சாய்த்துவிட்டது. திரும்பக் கட்டி 1855 மார்ச்சில் சோதனையைத் தொடங்கினார். உள்ளே வழிநெடுக மெல்லிய தாள் திரைகள். குண்டு ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு போகும். ஓட்டைகளை வரிசையாகப் பார்த்தால் குண்டு போன பாதை அப்படியே தெரியும். எந்த இடத்தில் விலக ஆரம்பித்தது, தலை நேரா போச்சா குப்புற விழுந்துச்சா, எல்லாம் அந்த ஓட்டையின் வடிவத்திலேயே இருக்கும். ஹை ஸ்பீட் கேமரா இல்லாத காலத்தில் இதைவிட நல்ல டேட்டா லாகர் கிடையாதுன்னுதான் எனக்குத் தோணுது.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார். என்ஃபீல்ட் குழலின் சுழல் பள்ளம் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இவர் அதை இறுக்கிக்கொண்டே போய், ஒரு அங்குலத்துக்கு ஒரு சுற்று வரைக்கும்கூடச் சுட்டுப் பார்த்தார். கடைசியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றில் நின்றார். காரணம் குண்டின் நீளம். நீளமான, ஒல்லியான குண்டு காற்றை நல்லாக் கிழித்துப் போகும், ஆனா வேகமாகச் சுழலாவிட்டால் நடுவழியில் தடுமாறிக் கவிழும். பம்பரம் மெதுவாகச் சுற்றும்போது தலையாட்டுமே, அதே விஷயம். துளையை என்ஃபீல்டின் 0.577 அங்குலத்திலிருந்து 0.451-க்குக் குறைத்தார். குண்டின் எடை கிட்டத்தட்ட அதேதான், 530 கிரெய்ன், அதாவது சுமார் 34 கிராம். அதனால் குண்டு நீண்டது. பள்ளம் வெட்டுவதற்குப் பதிலா துளையையே அறுகோணமாக, முறுக்கிய வடிவில் குடைந்தார். குண்டும் அதே முறுக்கோடு அறுகோணம். நட்டு போல்ட் செய்தவர் புத்தி எங்கே போகும்!

1857-இல் ஹைத் ராணுவச் சுடுபள்ளியில் இரண்டு ரைஃபிளும் மோதின. 500 கஜத்தில் என்ஃபீல்ட் சராசரியாக 27 அங்குலம் விலகியது. விட்வொர்த் நாலரை. 1400 கஜத்தில் என்ஃபீல்ட் இலக்கைத் தொடவே இல்லை, விட்வொர்த் தொட்டது. 1860 ஜூலையில் விம்பிள்டன் சுடும் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்ததும் தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளால்தான். 400 கஜத்தில், மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் போய் விழுந்தது குண்டு.

அவ்வளவு செய்தும் ராணுவம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட நாலு மடங்கு விலை என்பது ஒரு காரணம். எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் படுவது இன்னொரு காரணம்: கரி. அன்றைய கருமருந்து ஒவ்வொரு வெடிப்புக்கும் குழலில் அழுக்கை விட்டுவிட்டுப் போகும். என்ஃபீல்டின் 0.577 துளைக்குக் குண்டு 0.568, பிறகு அதையும் 0.55 ஆக்கினார்கள். வேணும்னே லூசாக வைத்த குண்டு. அழுக்கு ஏறின குழலிலும் சுலபமாக இறங்கும். வெடித்ததும் அதன் பொள்ளலான அடிப்பாகம் விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். விட்வொர்த்தின் குண்டோ துளையோடு நெருக்கமாகப் பொருந்துவது. சில தடவை சுட்டபின் இறக்கவே மல்லுக்கட்டணும், குழலைத் துடைத்துக்கொண்டே இருக்கணும். போட்டி மைதானத்தில் அதற்கு நேரம் உண்டு, எதிரி ஓடிவரும்போது கிடையாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளந்த மனிதருக்கு, அழுக்குக்கும் கொஞ்சம் இடம் விடணும் என்பது கடைசி வரை பிடித்த விஷயமாகத் தெரியவில்லை. ராணுவக் கமிட்டிகளோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார்.

அந்த ரைஃபிளை உண்மையில் போரில் கொண்டுபோனவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் குறிச்சுடுநர்கள். 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடமாநிலத் தளபதி ஜான் செட்ஜ்விக், குண்டுக்குப் பயந்து குனிந்த வீரர்களைக் கடிந்துகொண்டிருந்தபோது வெகு தூரத்திலிருந்து வந்த ஒரு குண்டில் இறந்தார். அது விட்வொர்த் ரைஃபிளின் வேலைன்னு பரவலாக நம்பப்படுகிறது. மான்செஸ்டர் தாள் திரைகளில் ஓட்டை எண்ணிய கணக்கு கடைசியில் எங்கே போய் நின்றது என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கு. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் துளை 0.45 அங்குலம், சுழல் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அறுகோணத்தை விட்டுவிட்டு அவருடைய எண்களை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதைப் பின்பக்கம் நிரப்பலாம், அதனால் கரித் தொல்லையும் பெருமளவு குறைந்தது.

விட்வொர்த் பிறகு பீரங்கி செய்தார், உருக்கை உருகிய நிலையிலேயே அழுத்தி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார், 1869-இல் பாரோனெட் பட்டம் பெற்றார். 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அதற்கெல்லாம் முன்னாடியே, 1868-இல், வருஷத்துக்கு 3000 பவுண்டு ஒதுக்கி, ஆளுக்கு 100 பவுண்டாக 30 உதவித்தொகைகளை ஏற்படுத்தியிருந்தார். தேர்வில் கணக்கும் தியரியும் மட்டும் போதாது, கையால் வேலை செய்து காட்டணும். அந்த உதவித்தொகை இன்றும் பிரிட்டனில் இருக்கு. அப்ரன்டிஸாக வேலையைத் தொடங்கி, அதற்கப்புறம் டிகிரி படிக்க வருபவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரியில் செகண்ட் இயர் வந்து உட்காரும் நம்ம நண்பர்கள் மாதிரி ஆட்களுக்கு.