பறவை மனிதர் சலீம் அலி

குருவியைக் கண்டாலே நம்ம கை உண்டிவில்லைத் தேடுது இல்லையா? இந்தியாவின் பறவை மனிதரும் அப்படித்தான் ஆரம்பித்தார்!

சலீம் அலி 1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு! அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

1930-ல் வேலை இல்லாத நேரத்தில், கிஹிம் என்ற கடலோர ஊரில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பொறுமையாகக் கவனித்தார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிப் புத்தகம் எழுதினார். பறவைகளால் விவசாயத்துக்கு என்ன பயன் என்பதும் அதில் உண்டு. தூக்கணாங்குருவி கதிரைக் கொத்தும், உண்மைதான். ஆனா குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சி! கூகை வயல் எலியைத் தின்னும். கூலி கேட்காத வேலையாட்கள்!

பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-ல் மாடு மேய்க்கத் தடை வந்தது. சலீம் அலியும் அதை ஆதரித்தார். ஆனால் எருமை மேயாததால் புல் மண்டி, நீர்ப்பரப்பு சுருங்கியது. அதைக் கண்டு சொன்னதும் அவருடைய கழகத்தின் ஆராய்ச்சிதான்! உழவனின் மாடும் பறவைக்கு வேண்டும் என்று புரிந்தது.

அவர் 1987-ல் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கு.

நாமும் கோமுகி பாசன வயலில் ரெட்டைவால் குருவி உட்கார ஒரு குச்சி நடுவோம். உண்டிவில் வேண்டாமே!