அச்சுத் தொழிலைக் கலையாக்கிய ஆண்டி வார்ஹால்

கலை வேறு, வணிக அச்சு வேறு எனப் பிரித்துக் காணும் வழக்கமுடையோம் நாம். அவ்வேறுபாட்டை அழித்த பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால், 1928இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தார். 13ஆம் அகவையில் தந்தையை இழந்தும் கல்வியைக் கைவிடாது 1949இல் பட்டம் பெற்றார். நியூயார்க் சென்று காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பெயர் பெற்றார்.

1962இல், கடைகளில் விற்கும் கேம்பெல் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக்கிக் காட்சிக்கு வைத்தபோது எள்ளியோர் உளர். அவ்வாண்டே, துணித்திரையின் வழியே மையை அழுத்திப் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையைக் கைக்கொண்டு, அப்போது மறைந்த நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை ஒரே படைப்பில் 50 முறை பதித்தார். மை திரண்டும் மங்கியும் விழுந்த இடங்களைத் திருத்தாது விட்டார். விளம்பரத்தால் பெருகும் புகழ் தேய்ந்தழிவதை அம்மங்கலே நமக்கு உணர்த்துகிறது.

1987இல் வார்ஹால் மறைந்தார். அவர்தம் ஓவியங்கள் பலவற்றுக்கு மூலம், பிறர் எடுத்த நிழற்படங்களே. அவ்வாறு உருவான பாடகர் பிரின்ஸின் ஓவியத்தை அவர் பெயரிலான அறக்கட்டளை இதழொன்றுக்கு வழங்கியது குறித்த வழக்கில், நிழற்படம் எடுத்த லின் கோல்ட்ஸ்மித் பக்கமே 2023இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலைக் கலையாக்கிய துணிவைப் போற்றுவோம்; பிறர் உழைப்புக்குரிய உரிமையையும் மறவாதிருப்போம்.